காட்டுப்பழமும் ஊர்க்கிழங்கும் சேர்ந்த ரோஸ்ட் விருந்து: புதுச்சேரி, கடலூர் பகுதிக்கான கேள்வி பதில்கள்

ரோஸ்ட் விருந்து என்று இங்கே எதைச் சொல்கிறோம்? நம் ஊர்ச் சமையலோடு அது ஒட்டுமா?

முழுக் கோழியையோ வாத்தையோ துண்டு போடாமல் ஓவனின் உலர்ந்த சூட்டில் நிதானமாக வாட்டி எடுத்து, அதே தட்டில் கூடவே வெந்த கிழங்குகளையும், தட்டில் வடிந்த சாற்றிலிருந்து செய்த குழம்பையும், புளிப்பும் இனிப்புமான ஒரு பழத்தொக்கையும் சேர்த்து ஒரே வேளையில் பரிமாறுவதைத்தான் ரோஸ்ட் விருந்து என்கிறோம். ஆங்கிலேயர் வீடுகளில் இது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. வாத்தைப் பழத்தோடு சேர்த்து வாட்டுவது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வழக்கம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறும் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு ஓவனும் பேக்கரியும் புதியவை அல்ல. கிறிஸ்துமஸ் நாளில் வாத்தோ வான்கோழியோ முழுதாக வாட்டும் வீடுகள் இங்கே இன்றும் உண்டு.

கோழித்தோலின் கொழுப்பு திகட்டாமல் இருக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு புளிப்பு வேண்டும். குளிர்நாடுகளில் அதற்குக் கிரான்பெர்ரியும் புளித்த ஆப்பிளும் இருக்கின்றன. அவற்றை டப்பாவில் வாங்கி வந்து வைக்கும் நம் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே களாவும் இலந்தையும் விளாவும் காய்த்து உதிர்கின்றன. இந்தப் பக்கம் முழுவதும் அந்தப் பழங்களைப் பற்றியதுதான்.

முதலில் இறைச்சியை முடிவு செய்ய வேண்டுமா, பழத்தையா?

பழத்தைத்தான். கோழி ஆண்டு முழுவதும் கிடைக்கும்; களாக்காய் கிடைக்காது. எந்தப் பழம் கனிந்திருக்கிறதோ அதன் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு ஆகியவற்றைப் பார்த்து, அதற்குத் தகுந்த இறைச்சியையும் கிழங்கையும் வாங்குவதே சரியான வரிசை. இதை மாற்றிச் செய்பவர்கள் கடைசி நேரத்தில் சீசன் இல்லாத பழத்தைத் தேடி அலைந்து, முடிவில் தக்காளி சாஸில் வந்து நிற்பார்கள்.

எந்த மாதத்தில் எந்தப் பழத்தை எதிர்பார்க்கலாம்?

மழையைப் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின்னாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மார்கழியிலிருந்து மாசி வரை இலந்தைப்பழம். அதே குளிர்நாட்களில் முட்புதர்களில் மிளகை விடச் சற்றே பெரிதாகக் கறுத்துத் தொங்கும் சூரைப்பழமும் கிடைக்கும். பெருநெல்லி ஐப்பசியிலிருந்து தை வரை. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கொடுக்காப்புளி; அதன் வெள்ளையும் இளஞ்சிவப்புமான சதை இனிப்போடு மெல்லிய துவர்ப்பும் உடையது, ஆனால் வேகவைத்தால் அந்தத் தன்மை போய்விடும் என்பதால் பச்சையாகத் தட்டின் ஓரத்தில் வைப்பதே நல்லது. பங்குனி முதல் வைகாசி வரை முந்திரிப்பழம்.

கோடைதான் உண்மையான அறுவடைக் காலம். சித்திரைக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை களா. வைகாசி, ஆனியில் பாலைப்பழம். ஆனி, ஆடியில் நாவலும் ஈச்சம்பழமும். ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் பனம்பழம் விழும். பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிக் கடைகளுக்கு வரத் தொடங்கும் விளாம்பழம் தை வரை கிடைக்கும். புரட்டாசியும் ஐப்பசியின் தொடக்கமும்தான் கொஞ்சம் வறண்ட காலம். அப்போது விளா ஒன்றையே நம்ப வேண்டியிருக்கும்.

இந்தப் பழங்களை எங்கே பறிக்கலாம்?

புதுச்சேரிக்கு வடமேற்கே கோரிமேட்டிலிருந்து விரியும் செம்மண் மேடும், கடலூருக்கு மேற்கே உள்ள கேப்பர் மலையும், பண்ருட்டியைச் சுற்றிய முந்திரிக்காடுகளும் ஒரே வகையான செம்மண் நிலங்கள். சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் அழைக்கும் குட்டைக்காடு ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் பரந்திருந்தது. களா, காரை, சூரை, பாலை, வீரை ஆகியவை அந்தக் காட்டின் குடிகள். இன்று அவை பெரும்பாலும் வேலி ஓரங்களிலும், ஏரிக்கரைகளிலும், தரிசுகளிலும், கோயில்காடுகளிலும்தான் எஞ்சியிருக்கின்றன. ஆரோவில் 1968இல் தொடங்கப்பட்டபோது மொட்டையாக அரித்துக் கிடந்த மேட்டில் அங்குள்ளவர்கள் இந்த மரங்களையே தேடித்தேடி மறுபடி வளர்த்தார்கள் என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

சொந்த நிலம், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்ட நிலம், ஊர்ப்பொது வேலி ஆகிய மூன்றிலும் பறிக்கலாம். காப்புக்காடுகளில் அனுமதியின்றி எதையும் எடுப்பது வனச்சட்டப்படி குற்றம், பிச்சாவரமும் காப்புக்காடுதான். பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுள்ள ஊசுட்டேரியிலும் கை வைக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற இடங்களில் சட்டத்தை விடப் பழைய கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது: சாமியின் காட்டில் ஒரு குச்சியையும் ஒடிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போயிருந்தால் இன்று விதைக்குக்கூட அந்த மரங்கள் மிஞ்சியிருக்காது. ஆகவே அங்கே போய்ப் பாருங்கள், இலையையும் காயையும் கண்ணால் பழகிக்கொள்ளுங்கள், பறிப்பதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாகனப் புகை படியும் நெடுஞ்சாலை ஓரம், தொழிற்பேட்டைகளின் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் கரை, அண்மையில் மருந்து தெளித்த முந்திரித்தோப்பு ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். கழுவினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு செடியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்?

உங்கள் ஒரு வேளைச் சமையலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஆறு பேர் சாப்பிடும் விருந்துக்குக் கால் கிலோ களாக்காய் தாராளமாகப் போதும். கிளையை வளைத்து உலுக்காமல் கைக்கு எட்டுவதைப் பறித்தால், மேலே இருப்பது மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் மிஞ்சும். அவற்றின் எச்சத்திலிருந்துதான் அடுத்த புதர் முளைக்கிறது. வேலிப்புதரில் பறித்து, ஆழாக்கால் அளந்து விற்கும் பெண்கள் அதை நம்பிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அவர்கள் கண்ணில் பட்டால், நாமாகப் பறிப்பதை விட அவர்களிடம் வாங்குவதே முறை. "ஆயா, எந்தப் பக்கம் பறிச்சது?" என்று கேட்டால் செடியின் வயது வரை சொல்லிவிடுவார்கள்.

எந்தப் பழங்களைத் தொடவே கூடாது?

பெயரும் செடியும் உறுதியாகத் தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. பறவை தின்கிறது, ஆடு தின்கிறது என்பது நமக்குச் சான்றல்ல.

இந்தப் பகுதியில் மிக அஞ்ச வேண்டியது எட்டி. அதன் காய் பழுக்கும்போது சிறிய ஆரஞ்சுப்பழம் போல அழகாக இருக்கும். உள்ளே வெளுத்த சதையும் வட்டத் தட்டு போன்ற விதைகளும் இருக்கும். அந்த விதையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் உயிரைக் குடிக்கும் நஞ்சு. விளாம்பழம் தேடிப் போகும் புதியவர் எட்டியிடம் ஏமாறாமல் இருக்க இலையைப் பார்க்க வேண்டும். விளாவின் இலை ஒரே காம்பில் சிறுசிறு இலைகளாகப் பிரிந்திருக்கும், கசக்கினால் மணக்கும், கிளையில் முள் உண்டு, ஓடு சாம்பல் வெள்ளையாகச் சொரசொரவென்றிருக்கும். எட்டியின் இலை பிரியாத ஒற்றை இலை. அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் கிளம்பி நுனியை நோக்கி ஓடும். காயின் தோல் வழவழப்பாகப் பளபளக்கும்.

பொன்னரளிக் காய், காட்டாமணக்கு, குண்டுமணி, ஊமத்தை ஆகியவையும் நஞ்சு. காட்டாமணக்கு விதையைக் கடலை என்று நினைத்துத் தின்று குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவது நம் மாவட்டங்களில் அடிக்கடி கேள்விப்படும் செய்தி. உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைப் பிள்ளைகள் தின்பதுண்டு என்றாலும் பச்சைக்காய் நஞ்சுள்ளது என்பதால் சமையலுக்கு அதைக் கொண்டுவரவே வேண்டாம். தவறி எதையேனும் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், தின்ற செடியின் ஒரு கிளையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

களாக்காயை ரோஸ்டுக்கு எப்படிப் பக்குவப்படுத்துவது?

எல்லாக் காட்டுப்பழங்களிலும் ரோஸ்டுக்கென்றே பிறந்தது களா என்பது என் உறுதியான கருத்து. புளிப்பு, லேசான துவர்ப்பு, கண்ணைப் பறிக்கும் நிறம் ஆகியவற்றோடு, குழம்பைத் தானாகவே உறைய வைக்கும் பெக்டினும் அதில் நிறைய இருக்கிறது. ஆகவே சோளமாவோ வேறெந்தச் சேர்மானமோ தேவைப்படுவதில்லை.

முழுதும் கறுத்துக் கனிந்தவை பாதியும், இளஞ்சிவப்பாக இன்னும் கெட்டியாக இருப்பவை பாதியுமாக எடுத்துக்கொள்ளுங்கள். கனிந்தது நிறமும் மணமும் தரும். காயாக இருப்பதுதான் உறைவைத் தரும். கத்திக்கும் விரல்களுக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கத் தொடங்க வேண்டும். காம்புப் பக்கம் கத்தி பட்டவுடன் வெள்ளைப் பால் முத்து முத்தாகக் கிளம்பி, இரண்டு நிமிடத்தில் பசையாகிப் பழுப்பு நிறமாகக் கத்தியில் ஒட்டும். எண்ணெய் தடவாத கத்தியை அதன் பிறகு சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் விடாது. பாதியாக வகிர்ந்து தட்டையான விதைகளை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, உப்பு கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வைத்தால் பால் பிரிந்து மேலே மிதக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலச வேண்டும்.

கால் கிலோ களாவுக்கு நூறு கிராம் பனைவெல்லம், அரை டம்ளர் தண்ணீர், விரல்நுனி அளவு இஞ்சி, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மிதமான தீயில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக விட்டால் முதலில் இளஞ்சிவப்பாக நுரைத்து, பிறகு மாதுளம்பழச் சாற்றின் நிறத்துக்கு வந்து, கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும். அந்த நிலையிலேயே இறக்கிவிடுங்கள், ஏனென்றால் ஆறும்போது அது இன்னும் இறுகும். இரும்புச் சட்டியிலும் அலுமினியத்திலும் இதைச் செய்யக் கூடாது. புளிப்பு உலோகத்தைக் கரைத்து ருசியையும் நிறத்தையும் கெடுத்துவிடும்.

முந்திரிப்பழம் நாக்கையும் தொண்டையையும் பிடிக்கிறதே, அதைச் சமைக்க முடியுமா?

முடியும், சமைக்கவும் வேண்டும். போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த இந்த மரம் பண்ருட்டிப் பக்கம் எத்தனையோ தலைமுறைகளுக்குச் சோறு போடுகிறது. ஆனால் கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகிப் போகிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து இந்த முந்திரி, பலாத் தோப்புகளை வேரோடு சாய்த்த பிறகு, நட்டு வளர்த்து மறுபடி காய்ப்புக்கு வந்த மரங்கள் இவை. அவற்றின் பழத்தை மண்ணில் விடுவது மனத்துக்கு ஒப்பவில்லை.

தொண்டையைப் பிடிப்பது துவர்ப்புச் சத்தான டானின். பழத்தை நான்காக வகிர்ந்து, உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். மீதியைக் கோழிக்கொழுப்பும் இறைச்சியும் ஏற்றுக்கொள்ளும். இப்படி வடித்த துண்டுகளைக் கோழியின் அடியில் வெங்காயத்தோடு பரப்பி வாட்டினால், ஓரம் கருகி, நடுவில் சாறு தங்கி, அன்னாசியை நினைவுபடுத்தும் ருசியோடு வரும். அன்று காலை விழுந்த பழமாக இருக்க வேண்டும், மாலைக்குள் புளித்துவிடும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: பழத்தோடு வரும் பச்சைக் கொட்டையை வீட்டு ஓவனிலோ அடுப்பிலோ போடாதீர்கள். அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொத்துவிடும். அது எரியும் புகை கண்ணையும் நுரையீரலையும் பாதிக்கும். பருப்பைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளா, இலந்தை, நாவல், சப்பாத்திக்கள்ளி ஆகியவை எதற்குப் பொருந்தும்?

விளாம்பழம் பன்றி இறைச்சிக்கும் வாத்துக்கும் பொருந்தும். ஓர் அடி உயரத்திலிருந்து தரையில் போட்டால் எம்பாமல் மொத்தென்று கிடப்பது பழம். பந்து போல எம்புவது காய். ஓட்டை உடைத்துச் சதையை வெல்லத்தோடு பிசைந்து, வெதுவெதுப்பான நீர் விட்டு விதையை வடிகட்டி, மிளகும் சுக்கும் சேர்த்தால் அடுப்பில் ஏற்றாமலே தொக்காகிவிடும். இலந்தையைக் கொட்டையோடு நசுக்கி, காய்ந்த மிளகாய், வெல்லம் போட்டுக் கொதிக்கவைத்து வடித்தால் நாட்டுக்கோழிக்கு ஏற்ற கெட்டிச் சாறு கிடைக்கும். நாவலை அதிகம் வேகவைத்தால் துவர்ப்பு மட்டுமே நிற்கும் என்பதால், குழம்பை இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்னால் கொட்டை நீக்கிப் போட்டால் போதும்.

சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்குப் பொறுமை வேண்டும். இடுக்கியால் பறித்து, கண்ணுக்குத் தெரியாத சுணை முட்கள் பொசுங்கும் வரை தீயில் சுற்றிக் காட்டி, நெடுக்கே பிளந்து, தலைப்பக்கம் உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த முள்ளைக் கிராமத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அறிவார்கள். நகரத்தில் வளர்ந்தவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பழத்தை உரியுங்கள்.

பிராய்லரா, நாட்டுக்கோழியா, வாத்தா?

முதல் முறை செய்பவருக்குத் தோலோடு கூடிய ஒன்றரைக் கிலோ பிராய்லர் போதும். கடைக்காரர் வழக்கமாகத் தோலை உரித்துவிடுவார். முழுதாக, தோலோடு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோல் இல்லாமல் ரோஸ்ட் இல்லை.

நாட்டுக்கோழியின் ருசி வேறு, ஆனால் நன்றாக ஓடித் திரிந்த கோழியின் தசை உலர்ந்த சூட்டில் மட்டும் இளகாது. முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டையாகப் பார்த்து வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரும் வெங்காயமும் போட்டு மூடிய பாத்திரத்தில் 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு மூடியைத் திறந்து 220 டிகிரியில் இருபது நிமிடம் தோலைச் சிவக்க விடுங்கள். வாத்துக்குத் தோலின் அடியில் கொழுப்பு மிகுதி. சதையைத் தொடாமல் தோலை மட்டும் ஊசியால் பல இடங்களில் குத்தி, 165 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொழுப்பை உருகி வடிய விட்டு, கடைசிப் பதினைந்து நிமிடம் சூட்டை ஏற்ற வேண்டும். வடிந்த கொழுப்பை எடுத்து வைத்துக் கிழங்கை அதில் வாட்டுங்கள்.

உப்பு எப்போது, எவ்வளவு போடுவது? மசாலா வேண்டாமா?

கிலோவுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிராம் கல்லுப்பைப் பொடித்து, முதல் நாள் மாலையே உள்ளும் புறமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தோல் தானாக உலராது, ஃப்ரிட்ஜில்தான் உலரும். மறுநாள் காலையில் தோல் எண்ணெய்த்தாள் போல இறுகி, கை வைத்தால் ஒட்டாமல் இருக்கும். மொறுமொறுப்பின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

இஞ்சி பூண்டு விழுது, தயிர், மிளகாய்த்தூள் ஆகியவற்றைப் பூசினால் அது வேறு பண்டமாகிவிடும், பழத்தின் ருசியும் அடங்கிவிடும். ஒரே ஒரு சேர்மானத்தைப் பரிந்துரைக்கிறேன்: கோடையில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்து இடித்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டிக் காயவைக்கும் தாளிப்பு வடகம். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் வடுவான் என்ற பெயரில் போற்றும் மசாலா நம் வடகத்தின் வழி வந்ததே. ஓர் உருண்டையைப் பொடித்து ஐம்பது கிராம் வெண்ணெயில் பிசைந்து, நெஞ்சுத்தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலால் இடம் செய்து பரப்புங்கள். தோலின் மேல் தடவினால் வெங்காயம் கருகிக் கசக்கும்.

எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

ஒன்றரைக் கிலோ பிராய்லருக்கு 220 டிகிரியில் இருபது நிமிடம், பிறகு 180 டிகிரியில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகினால் 74 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் தொடை உடம்போடு சேரும் இடத்தில் கம்பியால் குத்துங்கள். வடியும் சாற்றில் சிவப்பு இல்லாமல் தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது. ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவனில் மேல்கம்பி கோழிக்கு மிக அருகில் இருக்கும் என்பதால் நெஞ்சுப்பகுதியைப் பாதி நேரத்துக்குப் பிறகு அலுமினியத் தாளால் மூடுங்கள். எடுத்தவுடன் வெட்டாமல் கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும்.

பழத்தொக்கைத் தோலின் மேல் பூச விரும்பினால் கடைசிப் பத்து நிமிடத்தில் பூசுங்கள். வெல்லம் சேர்ந்தது அதற்கு முன்னால் கருகும்.

வீட்டில் ஓவன் இல்லை. என்ன செய்வது?

அடிகனமான, ஆழமான இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுக் கோழியை எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டி, வெளியே எடுத்துவிட்டு, சின்ன வெங்காயத்தையும் கிழங்குத் துண்டுகளையும் அடியில் பரப்பி, அவற்றின் மேல் கோழியை நெஞ்சு மேலாக வைத்து மூடி, மிகச் சிறு தீயில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். முற்றமோ மொட்டை மாடியோ இருந்தால் இதையே விறகடுப்பில் செய்து, மூடியின் மேல் கொட்டாங்கச்சித் தணலைப் போடலாம். மேலும் கீழும் சூடு கிடைத்து ஓவனுக்கு மிக நெருக்கமாக வரும். மூடிய அறைக்குள் தணல் வைப்பது உயிருக்கே ஆபத்து. இந்த முறையில் பழத்தொக்கைத் தனியாகவே செய்து பரிமாறுங்கள், இரும்பில் சேர்க்காதீர்கள்.

உருளைக்கிழங்குக்குப் பதிலாக எதை வாட்டலாம்?

தை மாதமானால் பனங்கிழங்கு. வேகவைத்து, நடுநரம்பை உருவி, விரல் நீளத்துக்கு வெட்டி, வாத்துக் கொழுப்பிலோ நல்லெண்ணெயிலோ புரட்டி இருபது நிமிடம் ஓவனில் வைத்தால், ஓரங்கள் மொறுமொறுவென்றும் உள்ளே மாவாகவும் வரும். அதன் மெல்லிய கசப்பு இலந்தைச் சாற்றோடு சேரும்போது உருளைக்கிழங்கின் நினைவே வராது. சர்க்கரைவள்ளி, பறங்கிக்காய், சேனை, சின்ன வெங்காயம் ஆகியவற்றை நேரடியாக வாட்டலாம். மரவள்ளியை மட்டும் தோலை முழுக்க நீக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு வாட்டுங்கள். அதில் இயல்பாகவே உள்ள சயனைடு சேர்மங்கள் அப்போதுதான் குறையும். பலாக்கொட்டையை அவித்துத் தோலுரித்துச் சேர்ப்பது கோடை விருந்துக்கு ஏற்றது.

தட்டில் வடிந்த சாற்றை என்ன செய்வது?

அதுதான் குழம்பு. மேலே மிதக்கும் கொழுப்பில் இரண்டு கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டு, அரைக் கரண்டி அரிசிமாவைத் தூவி வறுத்து, கோழியின் கழுத்து எலும்பை வேகவைத்த தண்ணீரை ஊற்றி, தட்டின் அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டிக் கரைத்துக் கொதிக்க விடுங்கள். இறக்கும்போது ஒரு கரண்டிக் களாத்தொக்கு.

சைவ வீடுகளுக்கும் இது பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். மாசி, பங்குனியில் பண்ருட்டிச் சாலையோரக் கடைகளுக்கு வரும் பிஞ்சுப் பலாக்காயை வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவி, இரண்டு விரல் தடிமனில் வட்டமாக வெட்டி, ஆவியில் கால் மணி நேரம் வேகவைத்து, வடகம் பிசைந்த வெண்ணெயைத் தடவி 200 டிகிரியில் அரைமணி நேரம் வாட்டுங்கள். சாற்றைப் பிடித்துக்கொள்ளும் அந்த நார்ச்சதைக்கு நெல்லியோ முந்திரிப்பழமோ புளிப்புத் தரும். போன ஆண்டுக் களாத்தொக்கு பாட்டிலில் மீதம் இருந்தால் இன்னும் நல்லது.

மீனை முழுதாக வாட்டலாமா?

கொடுவா கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கழிமுகங்களில் வளரும் இந்த மீனின் சதை தடித்தது, எளிதில் உலராது. ஒரு கிலோ மீனின் வயிற்றில் பச்சைக் களாக்காய்த் துண்டுகளையும் சின்ன வெங்காயத்தையும் அடைத்து 200 டிகிரியில் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் வைத்தால் போதும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், களா முதலில் வரும் நாட்களில் வளர்ப்புக் கொடுவாவையோ நாட்டுப்படகு மீனையோதான் எதிர்பார்க்க முடியும். ஆடியில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும்.

மிஞ்சியதை எவ்வளவு நாள் வைக்கலாம்?

நம் வெயிலில் வெந்த இறைச்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். எலும்பிலிருந்து பிரித்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் அந்தச் சதையைக் களாத்தொக்கோடு பேக்கரி பகெட் ரொட்டியில் வைத்துச் சாப்பிடலாம். எலும்புகளை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசமாக்கலாம். வெல்லம் நிறையச் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய களாத்தொக்கை, கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரக்கரண்டி படாமல் எடுத்து வந்தால் சில மாதங்கள் வரை வரும்.